‘படம் எப்படி?’ – நாகர்கோவில் சினிமா விமர்சகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தாலும் சரி, என்னிடம் கேட்கப்படுபவை கிட்டத்தட்ட இவைதான். கடந்த மூன்று நான்கு வருடத்துப் பெரிய படங்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களின் கேள்விகளும் இதில் உண்டு. சில பதில்களில் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். படம் பார்க்காதவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடலாம்.

எதைக் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கு, ஆனா…” என்கிறீர்கள். ஒரு முடிவுக்கு வரவே மாட்டீர்களா?

வந்த பிறகுதான் எழுதுகிறேன். படமே பாதிப் பாதியாக இருக்கும்போது அபிப்பிராயம் மட்டும் எப்படி முழுசாக இருக்கும்? இன்றைய பெரிய படத்தில் கதை ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஹீரோவின் அறிமுகம், இடைவேளைச் சண்டை, பக்கத்து மாநில நட்சத்திரம் வந்துபோகும் பத்து நிமிடம், அடுத்த பாகத்துக்கான கொக்கி என்று வேறு ஏற்பாடுகள் இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். இவற்றில் எதுவும் குற்றமில்லை. ‘ஜெயிலர்’ படத்தில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வந்து நின்றபோது நானும் கைதட்டினேன். ஆனால் ஒரு கதையை ஆரம்பித்துவிட்டு, இந்த ஏற்பாடுகளுக்காக அதைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போகும்போதுதான் கடுப்பாகிறது.

ஆகவே நான் கவனிப்பது ஒன்றே ஒன்று. முதல் அரை மணி நேரத்தில் படம் எதைச் சொல்ல வந்ததோ, அதைக் கடைசிவரை அந்தப் படமே நம்பியதா? நம்பாத படத்திலும் அருமையான காட்சிகள் இருக்கும். அவற்றைச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்தானே.

‘வேட்டையன்’ நம்ம மாவட்டத்துக் கதையாச்சே அண்ணே, அதைக்கூடவா விட்டுவைக்கக் கூடாது?

2024 அக்டோபரில் வந்த படம். ரஜினி இதில் கன்னியாகுமரி எஸ்.பி. அதியன், என்கவுண்ட்டருக்குப் பேர்போனவர். இங்குள்ள அரசுப் பள்ளியில் கஞ்சா பதுக்கியிருப்பதைத் தைரியமாகப் புகார் செய்த ஆசிரியை சரண்யா, சென்னைக்கு மாற்றலாகிப் போன இடத்தில் கொல்லப்படுகிறார். ஓர் இளைஞன்தான் கொலைகாரன் என்று சொல்லி அதியன் அவனைச் சுட்டுக் கொல்கிறார். அவன் அந்தக் கொலையைச் செய்யவே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது.

இதை ரஜினியை வைத்து எடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். ‘ஜெய் பீம்’ எடுத்த த.செ. ஞானவேலுக்கு அது இருந்தது. போலீஸ் துப்பாக்கிக்கு விசிலடித்தே பழகிய கூட்டத்தைப் பார்த்து, நீ விசிலடித்த குண்டு யார் மேல் பட்டது தெரியுமா என்று கேட்கிற கதை அது. நீதிபதியாக வரும் அமிதாப் பச்சன் அதைத்தான் கேட்கிறார்.

ஆனால் அதே படம் அதற்கு முன்னால் இன்னொரு என்கவுண்ட்டரைக் கொண்டாடிவிட்டுத்தான் வருகிறது. “பிற்பாடு அது தப்பு என்று காட்டத்தானே அப்படி வைத்தார்கள்” என்று ஒரு நண்பர் வாதாடினார். அப்படியென்றால் படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் காட்சி நம்மை உறுத்த வேண்டும். நானும் உட்கார்ந்து பார்த்தேன். உறுத்தவில்லை. அதே பின்னணி இசை, அதே நடை, அதே விசில். அப்புறம் இரண்டாம் பாதியில் கோச்சிங் சென்டர் முதலாளி ஒருவர் வில்லனாக வந்ததும் பழி மொத்தமும் அவர் தலையில் இறங்கிவிடுகிறது. சுட்ட கை பெரிய சேதாரமில்லாமல் தப்பித்துவிடுகிறது.

ஊர் விஷயத்தில் எனக்குத் தனி வருத்தம். அந்தப் பள்ளிக்கூடம் தேனியில் இருந்திருந்தாலும் திரைக்கதையில் ஒரு வரி மாறியிருக்காது. களியக்காவிளை எல்லை, குளச்சல் கடற்கரை, மலையோரத்து ரப்பர் தோட்டங்கள் என்று ஒரு கடத்தல் கதைக்கு இங்கே எவ்வளவோ கிடக்கிறது.

தமிழும் மலையாளமும் கலந்த ‘மனசிலாயோ’ பாட்டு மட்டும் இங்கே சொந்தப் பாட்டுபோல ஒட்டிக்கொண்டது. மலேசியா வாசுதேவனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் மறுபடி உருவாக்கியிருந்தார்கள். மகன் யுகேந்திரனும் அதில் பாடியிருப்பதால் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. எல்லாக் குரல்களுக்கும் இப்படிக் கூட நிற்க ஒரு மகன் இருப்பானா என்பது வேறு கேள்வி.

நட்சத்திரமோ மதிப்பெண்ணோ ஏன் போடுவதில்லை?

போட்டால் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

லோகேஷ் கனகராஜ் மேல் உங்களுக்கு என்ன கோபம்?

கோபமே கிடையாது, எதிர்பார்ப்புதான். 2022இல் ‘விக்ரம்’ வந்தபோது நான் எழுதியதில் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதில் ஏஜென்ட் டீனா காட்சியை நினைத்துப் பாருங்கள். அதுவரை வீட்டு வேலை பார்க்கும் அம்மாவாக, யாரும் கவனிக்காத மூலையில் இருந்தவர், வீட்டுக்குள் ஆட்கள் புகுந்ததும் நிமிர்ந்து நின்று அடிக்க ஆரம்பிக்கிறார். தியேட்டரே எழுந்து கத்தியது. அவர் பெரிய நட்சத்திரமில்லை, ஸ்லோமோஷனில் அறிமுகம் வைக்கவில்லை. படம் அவரைப் பொறுமையாக ஒளித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். மாஸ் காட்சி என்றால் எனக்கு அதுதான்.

‘லியோ’வில் அந்தப் பொறுமை பாதிவரை இருந்தது. இமாச்சலில் காபிக்கடை நடத்தும் பார்த்திபன், ஒரு ராத்திரி கடைக்குள் வந்த கொலைகாரர்களைச் சுட வேண்டியதாகிறது. அதன் பிறகு உடைந்துபோய் அழும் விஜயை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ‘இந்தப் பார்த்திபன்தான் பழைய லியோவா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியில் படம் நன்றாகவே ஓடியது. பிற்பாதியில் தாஸ் குடும்பத்துப் பின்கதை, நரபலி, சண்டை என்று அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல ஆரம்பித்ததும் படம் சாதாரணமாகிவிட்டது.

‘கூலி’ (2025 ஆகஸ்ட்) எனக்கு இன்னும் சிக்கல். ரஜினியும் சத்யராஜும் ‘மிஸ்டர் பாரத்’துக்குப் பிறகு, கிட்டத்தட்ட 40 வருடம் கழித்துச் சேர்ந்த படம். நண்பன் எப்படிச் செத்தான் என்று தேடிப் போகிற வயதான மனிதனின் கதை. இவ்வளவு நல்ல விதை கையில் இருக்கும்போது நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் ஆளை இறக்க வேண்டிய கட்டாயம். சௌபின் சாஹிர் மட்டும் உள்ளே புகுந்து படத்தைக் கொஞ்ச நேரம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஸ்ருதி ஹாசனின் பாத்திரத்துக்கு ஆபத்தில் மாட்டுவதும் காப்பாற்றப்படுவதும் தவிர வேலை இல்லை. தணிக்கையில் ‘ஏ’ சான்றிதழ் வேறு. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ரஜினி ரசிகர்கள் தியேட்டர் வாசலில் நின்று வாதாடியதுதான் அந்த வாரம் நான் பார்த்த உண்மையான நாடகம்.

நீங்களும் களியக்காவிளை தாண்டிப் போய் விடியற்காலை ஷோ பார்க்கிறவர்தானே?

போயிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. 2023 பொங்கலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நள்ளிரவுக் காட்சிகள் நின்றுபோயின. அந்த அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது இங்கே காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளாவில் 4 மணிக்கே போட்டார்கள். சென்னை ரசிகன் என்ன செய்வான், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பான். நமக்கு எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. பைக்கில் பாறசாலைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ போய் முடித்துவிட்டு, இங்கே முதல் காட்சி ஆரம்பிக்கும் முன் ஊருக்குத் திரும்பிவிடலாம். “கொள்ளாம் மக்கா, ஆனா செகண்ட் ஹாஃப் வெளங்கல” என்று தீர்ப்பும் காலை டீயோடு வந்துவிடும்.

ஆனால் அந்தக் காட்சியை வைத்து நான் விமர்சனம் எழுதுவதில்லை. அங்கே படத்தைவிடக் கூட்டத்தைத்தான் பார்க்கிறோம், வசனம் பாதி காதில் விழாது. திங்கட்கிழமை மதியம் மார்த்தாண்டத்தில் அரைவாசி காலியான தியேட்டரில் இன்னொரு தடவை பார்ப்பேன். எங்கே எல்லாரும் செல்போனை எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், படம் எந்த இடத்தில் தொய்கிறது என்று தெரிந்துவிடும்.

மலையாளப் படம் என்றால் மட்டும் உங்கள் பேனா வழுக்குகிறதே?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மாவட்டம் இது. சப்டைட்டில் இல்லாமல் மலையாளப் படம் பார்ப்பது விளவங்கோடு பக்கம் பெரிய விஷயமே இல்லை. மலையாள சினிமாவின் தந்தை என்று அவர்கள் கொண்டாடும் ஜே.சி. டேனியல் கடைசிக்காலத்தைக் கழித்தது நம்ம அகஸ்தீஸ்வரத்தில்தான். அதனால் அது எனக்கு அயல் சினிமா கிடையாது. அடுத்த வீட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டிய அவசியமும் இல்லை.

‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ 2024இல் தமிழ்நாட்டில் ஓடிய ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். குணா குகைக்குள் விழுந்தவனை மேலே தூக்கும்போது ‘கண்மணி அன்போடு காதலன்’ ஒலிக்கும் இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அதில் வரும் கொடைக்கானல் போலீஸ், பையன்களைத் துவைத்து எடுப்பதைத் தவிர வேறு முகம் காட்டாத போலீஸ். அதை எழுதியதற்கு அங்கிருந்து வசவு வந்தது. குடித்துவிட்டுக் கும்மாளமிடுவதைப் படம் கொண்டாடுகிறது என்று நம்மூர் எழுத்தாளர் ஜெயமோகன் எழுதியது இரண்டு மாநிலத்திலும் சர்ச்சையானது. அவர் அளவுக்கு நான் போக மாட்டேன். குடிக்கிற பையன்கள் குடிக்கத்தான் செய்வார்கள். அவருக்கு ஆதரவாக எழுதவில்லை என்று இங்கிருந்தும் வசவு வந்தது.

அதே மலையாளத்தில் 2025இல் ‘எம்புரான்’ வந்தது. முதல் பாகமான ‘லூசிஃபர்’ தந்த கம்பீரத்தை ஹெலிகாப்டரும் வெளிநாட்டு லொக்கேஷனும் தின்றுவிட்டன. நோய் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

‘மெய்யழகன்’ நீளம் என்று எழுதியவர், வெட்டியதும் தப்பு என்கிறீர்கள். எதைத்தான் நம்புவது?

இரண்டையும். சுமார் மூன்று மணி நேரப் படமாக வெளியாகி, சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடம் குறைக்கப்பட்டது. ராத்திரி உட்கார்ந்து வரலாறு பேசும் பகுதிகள் எனக்கும் பாடம் நடத்துவதுபோல இருந்தன. ஆனால் அந்தப் படத்தின் உயிரே அவசரமில்லாமல் இருப்பதுதான். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி (அரவிந்த் சாமி), இருபது வருடத்துக்கு மேல் கழித்துத் தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறார். பரிசைக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதுதான் திட்டம். மேடையில் அந்தப் பெண் விடவில்லை. பரிசைப் பிரித்து, அரவிந்த் சாமி கீழே உட்கார்ந்து அவள் காலில் கொலுசை மாட்டுகிறார். போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிற சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். வேறு இயக்குநராக இருந்தால் அதை அரை நிமிடத்தில் முடித்திருப்பார். பிரேம்குமார் அந்தக் கூச்சம் போகிறவரை கேமராவை அங்கேயே வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட படத்தை வெளியான பிறகு வெட்டினால், தொய்வு குறையும். கூடவே அந்த நிதானமும் போய்விடும். வெட்டுவதாக இருந்தால் எடிட்டிங் அறையில் வெட்டியிருக்க வேண்டும். கார்த்தி “அத்தான், அத்தான்” என்று பின்னாலேயே திரிவது சிலருக்குச் சலித்துப்போனது. எனக்குச் சலிக்கவில்லை. எங்கள் ஊரிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஒரு ஆள் உண்டு. அவரிடம் மாட்டினால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது.

‘அமரன்’ பார்த்து அழாதவர் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது.

அழுதேன். சாய் பல்லவிக்காக. மேஜர் முகுந்த் வரதராஜனின் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் மலையாளி. சாய் பல்லவி அதை ஒரு இழுப்பில், ஒரு சொல் தடுமாற்றத்தில் கொண்டுவந்துவிடுகிறார். சினிமாவில் மலையாளிப் பெண் என்றாலே கேலியாகப் பேசவைக்கும் பழக்கம் உண்டு. தினமும் அந்தப் பேச்சைக் கேட்கிற நம் காதுக்கு, இது கேலியில்லாமல் ஒலித்ததே பெரிய ஆறுதல்.

படத்தின் மற்ற பாதி, அதாவது ராணுவப் பாதி, சண்டைக் காட்சிகளின் நேர்த்தியில் குறை வைக்கவில்லை. ஆனால் காஷ்மீரிகள் அதில் பெரும்பாலும் கல்லெறியும் கூட்டமாகவோ குறி பார்க்கப்படும் உருவமாகவோதான் வருகிறார்கள். அங்கே வாழும் ஒருவரையாவது இந்துவைக் காட்டிய அக்கறையோடு காட்டியிருக்கலாம்.

‘மகாராஜா’வை உலகமே பாராட்டியது. சீனாவில்கூட ஓடியது. உங்களுக்கு மட்டும் என்ன?

திரைக்கதையை நானும் பாராட்டினேன். குப்பைத்தொட்டி காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் முடிதிருத்துபவர், சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கும் கதை, காலத்தை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கிய விதம் என்று நித்திலன் சாமிநாதன் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். என் தயக்கம் அந்தக் கணக்கைப் பற்றியது. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை, கடைசியில் நம்மைத் திடுக்கிட வைக்கும் சீட்டாக ஒளித்து வைத்திருக்கிறார்கள். முடிச்சு அவிழும்போது எனக்கு முதலில் வந்தது ‘அட!’ என்ற வியப்பு. அந்தப் பெண்ணை நினைத்து வருந்தியது அதற்கு அப்புறம்தான். அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. விஜய் சேதுபதியின் நடிப்பில் குறையே இல்லை.

சின்னப் படம் என்றால் சலுகை கொடுப்பீர்களா?

டிக்கெட் விலை ஒன்றுதானே, சலுகை எதற்கு?

‘லப்பர் பந்து’ சலுகை கேட்காமலே நின்ற படம். ஊர் மைதானத்தில் விளையாடும் இரண்டு பேரின் வீம்பு. ஒருவர் வருங்கால மாமனார், இன்னொருவர் வருங்கால மருமகன். அட்டகத்தி தினேஷ் மட்டையைப் பிடித்ததும் விஜயகாந்தின் ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ ஒலிக்கிறது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், தியேட்டரில் நடுத்தர வயதுக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். ஆனால் படம் அந்தப் பாட்டோடு நின்றுவிடாமல், நன்றாக ஆடுகிற ஒருவனைச் சாதி பார்த்து அணியில் சேர்க்காததைப் பேசிக்கொண்டே போகிறது. ஆட்டத்தின் சுவாரசியமும் குறையவில்லை. பெண்களுக்கும் அதில் சொந்தக் கோபம் உண்டு.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கு நான் அரை மனதோடுதான் நல்ல வார்த்தை சொன்னேன். இலங்கையிலிருந்து ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் அடையாளத்தை மறைத்து வாழும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் இயல்பாக இருந்தார்கள், அந்தச் சின்னப் பையன் கமலேஷ் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான். ஆனால் அந்தக் காலனியில் எல்லாரும் கடைசியில் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து இங்கேயே வாழ்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் அங்கே உண்டு. பக்கத்து வீட்டாரின் அன்பால் தீர்கிற சிக்கலாக அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. முதல் படத்திலேயே இவ்வளவு சிரிக்க வைத்த அபிஷன் ஜீவிந்திடம் இதையெல்லாம் கேட்பது நியாயமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

விமர்சகர்கள்தான் படத்தைக் கொல்கிறார்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது உண்மையா?

2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்த பிறகு இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. முதல் மூன்று நாட்கள் விமர்சனமே வரக்கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கேரளத்தில் 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று அங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் பரிந்துரைத்திருந்தார்.

படம் பார்க்காமலே திட்டுகிறவர்கள், காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்கள் இரண்டு கூட்டமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘கங்குவா’வைப் பொறுத்தவரை காது வலிக்கிறது என்று முதல் நாளே சொன்னது டிக்கெட் வாங்கிப் பார்த்த ஜனங்கள். அதைக் கேட்டுத்தான் ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டார். ஆக, அந்தக் கருத்து படத்துக்கு உதவியிருக்கிறது. சூர்யா அதில் போட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரிந்தது, பழங்காலத்துப் பகுதியில் அந்தத் தீவுகளைக் கண்டுபிடித்த கற்பனை நன்றாக இருந்தது. எல்லாரும் கத்திக்கொண்டே இருந்ததால் யாருக்கும் அதை ரசிக்கத் தோன்றவில்லை.

ஓசி டிக்கெட் கிடைக்குமா உங்களுக்கு?

நாகர்கோவிலுக்கு யார் பிரஸ் ஷோ போடப்போகிறார்கள்? சொந்தக் காசுதான்.

குமரித் தமிழ் சினிமாவில் ஏன் கேட்பதே இல்லை?

சினிமாவுக்குத் தெற்கு என்றால் மதுரை. இன்னும் தெற்கு என்றால் திருநெல்வேலி. அதற்குக் கீழே கடல் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள் போல. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் தமிழ் சினிமாவையே சிரிக்க வைத்தவர். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பல படங்களுக்கு வசனம் எழுதும் ஜெயமோகன் இருப்பது பார்வதிபுரத்தில். ‘பாபநாச’த்தில் கமல் பேசிய நெல்லைத் தமிழும் இவர் எழுதியதுதான். ஆனால் தோவாளையில் ஒரு மாதிரி, தக்கலையில் ஒரு மாதிரி, கடற்கரையில் வேறு மாதிரி என்று மாறும் நம் பேச்சு பெரிய படத்தில் இரண்டு மணி நேரம் ஒலித்து நான் கேட்டதில்லை. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாது என்று காரணம் சொல்வார்கள். மதுரைத் தமிழும் ஒரு காலத்தில் பழக்கித்தானே புரிந்தது.

ஜெயமோகனின் ‘துணைவன்’ கதையிலிருந்து வந்த ‘விடுதலை’யைப் பற்றியும் கேட்பார்கள். முதல் பாகத்தில் சூரியின் கண்வழியே எல்லாம் தெரிந்தது. ரயில் விபத்தைக் காட்டும் அந்த நீண்ட ஆரம்பக் காட்சி இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் வாத்தியாராக வரும் விஜய் சேதுபதி பேசப் பேச, சூரி கேட்டுக்கொண்டு நடக்கிறவராக ஆகிவிட்டார். வெற்றிமாறன் சொல்லும் அரசியலில் எனக்குப் பிணக்கில்லை, அதை மேடைப் பேச்சாகக் கேட்டதில்தான்.

ஓடிடியில் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

தமிழ்ப் படம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் வந்துவிடுகிறது. ‘கொட்டுக்காளி’ மாதிரிப் படங்களுக்குக் காத்திருக்காதீர்கள். பின்னணி இசையே இல்லாத படம் அது. ஆட்டோ இரைச்சலும் சேவல் சத்தமும் நிசப்தமும்தான். வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

சரி, 2025இல் எதைத்தான் பார்க்கச் சொல்கிறீர்கள்?

தீபாவளிக்கு வந்த ‘பைசன்’. மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கபடிக் கதை. துருவ் விக்ரம் உடம்பால் நடித்திருக்கிறார், அப்பாவாக வரும் பசுபதி ஓரமாக நின்றே மனதை உலுக்கிவிடுகிறார். காதல் பகுதி ஒட்டவில்லை, வெட்டுக்குத்து ஒரு கட்டத்துக்கு மேல் மரத்துப்போகிறது. ஆனால் ஆடுகளத்துக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் மாரி செல்வராஜ் தான் ஆரம்பித்த கதைக்கே திரும்பி வருகிறார்.

பிள்ளைகள் இருந்தால் ராமின் ‘பறந்து போ’. கடன்காரனுக்குப் பயந்து அப்பாவும் பையனும் பைக்கில் ஊர் சுற்றும் கதை. மிர்ச்சி சிவாவுக்கு இப்படி ஒரு வேடம் இனி எப்போது கிடைக்குமோ. குட்டிக் குட்டிப் பாட்டுகள் கொஞ்சம் அதிகம். என் மகளுக்கு அதுவும் பிடித்திருந்தது.